ஒரு டம்ளருக்கு முப்பது பழம்

இந்த வாரக் கதை ஒரு மூணு ரூபாயில ஆரம்பிக்குது.

2025 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சுரண்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் வழக்கமா ஒதுங்குற டீக்கடை. காபியைக் குடிச்சிட்டு எப்பவும்போல பதினஞ்சு ரூபா நீட்டினேன். அண்ணாச்சி கையை மடக்கவே இல்லை.

"இன்னும் மூணு ரூபா குடுங்க தம்பி."

"என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள கூட்டிட்டியளா?"

"நான் எங்க கூட்டுனேன்? தூள் குடுக்கவன் கூட்டிட்டான். என்னன்னு கேட்டா பிரேசில்ல மழை இல்லைங்கான். நம்மூர்ல மழை இல்லாம வெங்காயம் கருகுனா பிரேசில்காரன் மூணு ரூபா கூடக் குடுப்பானா?"

கடையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். ஆனா வீட்டுக்கு வந்து கொஞ்சம் தோண்டிப் பார்த்தா, அண்ணாச்சியோட தூள்காரர் சொன்னது அக்மார்க் உண்மை! பிரேசில், வியட்நாம் ரெண்டும்தான் உலகத்துக்கே அதிகமா காபி விளைவிக்கிற நாடுகள். ரெண்டு இடத்திலயும் வறட்சி. அரபிகா காபிக்கு நியூயார்க் சந்தையிலயும், ரொபஸ்டா காபிக்கு லண்டன் சந்தையிலயும் விலை வைக்கிறாங்க. அந்த நியூயார்க் சந்தையில அந்த பிப்ரவரி மாசம் ஒரு பவுண்டு, அதாவது அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல், 4 டாலரைத் தாண்டிப் போச்சு. 2001-ல இதே ஒரு பவுண்டு அரை டாலர்கூட இல்லை. அப்போ வயநாட்டிலயும் குடகுலயும் காபி விவசாயிங்க பட்ட பாடு பேப்பர் எல்லாம் வந்துச்சு.

சரி, 4 டாலர் ஆச்சுன்னா காபி விளைவிக்கிறவங்க எல்லாம் கார் வாங்கியிருக்கணுமே? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான். போன் போட்டேன்.

பாளையங்கோட்டையில் படிச்சப்ப என் ரூம்மேட். ஊரு கீழ்ப்பழனி மலையில தாண்டிக்குடி பக்கம். கொடைக்கானல்னு சொன்னா மட்டும்தான் எல்லாருக்கும் புரியும்ங்கிறதால அவன் பேரே ஹாஸ்டல்ல 'கொடை'. லீவு முடிஞ்சு வர்றப்போ ஒரு தூக்குவாளி நிறைய வறுத்த காபிக்கொட்டை கொண்டு வருவான். அதை இடிக்க உரல் இல்லாம, நியூஸ் பேப்பர்ல சுத்தி இரும்புக் கட்டில் காலுக்கு அடியில வெச்சு ஏறி உட்காருவோம். (வார்டன் இன்னிக்கு வரைக்கும் அந்தக் கட்டில் ஏன் கோணிச்சுன்னு தேடிக்கிட்டு இருப்பார்.)

"மாப்ள, காபி ரேட்டு எகிறிடுச்சாமே! ட்ரீட் எப்போ?" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றான்.

சுரண்டையிலேருந்து சங்கரன்கோவில், ராஜபாளையம், மதுரை, வத்தலக்குண்டு. அங்கேருந்து பட்டிவீரன்பட்டி தாண்டினா மலை ஏறுற பஸ். இந்தப் பட்டிவீரன்பட்டியைச் சும்மா கடந்து போயிடக் கூடாது. மலையில விளையுற காபி கீழே இறங்கி வந்து கைமாறுற ஊர் இது. சென்னையில பாண்டி பஜாருக்குப் போய் டி-ஷர்ட் வாங்குறோமே, அந்தப் பாண்டி யார் தெரியுமா? சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பட்டிவீரன்பட்டிக்காரர்.

மேலே போகப் போக வாழை, பலா, சில்வர் ஓக், மரத்தைச் சுத்தி ஏறின மிளகுக்கொடி. கொடை வீட்டுத் தோட்டம் மொத்தமே மூணு ஏக்கர். 'காபித் தோட்டம்'னு சொன்னதும் நான் மூணாறு டீ எஸ்டேட் மாதிரி பச்சைக் கம்பளம் விரிச்சிருக்கும்னு நினைச்சுட்டுப் போனேன். போனா காடு! காபிச் செடியே கண்ணுக்குத் தெரியலை. பெரிய மரத்துக்கு அடியில சின்ன மரம், அதுக்கு அடியில ஆள் உயரத்துக்குக் காபி. நடுநடுவே ஆரஞ்சு, அவரை, மலைவாழை.

"இது சோம்பேறித்தனம் இல்லடா" என்று சிரித்தான் கொடை. "நிழல் போச்சுன்னா தண்டுத் துளைப்பான் வண்டு வந்து உட்கார்ந்துக்கும். அரபிகாவுக்கு எமன் அதுதான். செடியைப் பிடுங்கி எரிக்கிறதைத் தவிர வேற வழியே இல்லை."

உலகத்துல பல நாடுகள்ல மரத்தை எல்லாம் வெட்டிட்டு வெயில்ல காபி வளர்த்தாங்க. கொலம்பியாவிலகூட 1970-களில் அதுதான் ஃபேஷன். விளைச்சல் கூடுச்சு, உரச் செலவும் கூடவே கூடுச்சு, பறவை எல்லாம் பறந்து போச்சு. இப்போ 'நிழல் காபி'ன்னு தனி லேபிள் ஒட்டி அமெரிக்காவில் விற்கிறாங்க. நம்ம மலைக்காரங்களுக்கு அந்த லேபிள் என்னன்னே தெரியாது. ஆனா தாத்தா காலத்திலேருந்து செய்யிறது அதைத்தான்.

பழம் பறிப்பு கடைசிச் சுற்றில் இருந்துச்சு. நானும் ஒரு கூடையைக் கட்டிக்கிட்டு இறங்கினேன். செக்கச்செவேல்னு பழுத்ததை மட்டும்தான் கிள்ளணும், பச்சையைத் தொடக் கூடாது. ஒரே கொத்துல நாலு பழுத்திருக்கும், ஆறு பச்சையா இருக்கும். ஒரு மணி நேரத்துல என் கூடையில அடி தெரியாத அளவுக்குத்தான் சேர்ந்துச்சு. பக்கத்துச் செடியில கொடையோட அம்மா அதுக்குள்ள ரெண்டு கூடை!

பழத்தை வாயில போட்டுப் பாருங்க, லேசா இனிக்கும். உள்ளே ரெண்டு கொட்டை, முகத்தோட முகம் ஒட்டின மாதிரி. சிலதுல ஒண்ணே ஒண்ணு உருண்டையா இருக்கும், அதுதான் கடையில கூட விலை சொல்ற பீபெர்ரி.

அன்னிக்கு ராத்திரி ஒரு பேப்பர் பேனா வெச்சுக்கிட்டு நானும் அவனும் கணக்குப் போட்டோம். நம்ம கடைக் காபி ஒரு டம்ளருக்குத் தூள் சுமாரா 10 கிராம். அதுல 3 கிராம் சிக்கரின்னு வெச்சா 7 கிராம்தான் காபி. (பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, சிக்கரி எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும். 49 வரைக்கும் கலக்கச் சட்டமே அனுமதிக்குது!) வறுக்கும்போது எடை குறையும். அதனால 7 கிராமுக்கு எட்டரை கிராம் பச்சைக்கொட்டை வேணும். ஒரு கிலோ கொட்டைக்கு அஞ்சாறு கிலோ பழம். ஆக, ஒரு டம்ளருக்கு 50 கிராம் பழம். எண்ணிப் பார்த்தா கிட்டத்தட்ட 30.

இப்போ பழம் கிலோ 50 ரூபாய்னு சும்மா ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். 30 பழத்துக்கு ரெண்டரை ரூபா. சுரண்டை டீக்கடையில அந்தக் காபி 18 ரூபா. அதே பழம் சென்னையில ஏசி மாலுக்குப் போய், கொஞ்சம் தூள் கூடப் போட்டு, மேலே நுரையில இலை படம் வரைஞ்சு 250 ரூபாய்க்கு வந்தா? விளைவிச்சவருக்கு அப்பவும் அஞ்சு ரூபாதான். நுரைக்கு எவ்வளவு, ஏசிக்கு எவ்வளவு, இலைப் படத்துக்கு எவ்வளவுன்னு நீங்களே பிரிச்சுக்கோங்க.

"சரிடா, ரேட்டு ஏறினப்போ அந்த ரெண்டரை அஞ்சா ஆகியிருக்கணும்ல? அப்புறம் ஏன் உம்முன்னு இருக்க?"

அப்பதான் விஷயத்தைச் சொன்னான். 2024 ஜூன் மாசம் அவன் தங்கச்சிக்கு நர்சிங்ல சீட் கிடைச்சுது. ஒரே வாரத்துல ஃபீஸ் கட்டணும். வழக்கமா பழம் எடுக்குற வியாபாரி ஒருத்தர் முன்பணம் குடுத்தார். 'வர்ற சீசன் பழம் மொத்தமும் எனக்கு, இன்ன ரேட்டு' என்று பேச்சு. அன்னிக்கு அது நல்ல ரேட்டுதான். நவம்பர்ல பறிப்பு ஆரம்பிச்சப்போ மார்க்கெட் வேற எங்கேயோ போயிடுச்சு. பேசின பேச்சு பேசினதுதான். ஏறின விலையில ஒரு பைசா அவங்க வீட்டுப் படியைத் தாண்டலை.

"அந்த ஆளைத் திட்டவும் முடியலடா" என்றான் கொடை. "தங்கச்சி படிக்கிறா. அன்னிக்குப் பேங்க்குல போய் நின்னிருந்தா சீட்டே போயிருக்கும்."

எனக்கு அங்கே கொஞ்சம் குரல் அடைச்சுது, நிஜமா.

விலை விஷயத்துல அவங்க கையைக் கட்டிப் போடுற இன்னொண்ணும் இருக்கு. காபிப் பழம் பறிச்ச அன்னிக்கே தோலை உரிச்சாகணும். உரிச்சு, ஒரு ராத்திரி ஊறவெச்சு, வழவழப்பு போகக் கழுவி, களத்துல பரப்பி, ஈரப்பதம் சுமார் 11 சதவீதத்துக்கு இறங்குற வரைக்கும் கிளறிக் கிளறிக் காய வைக்கணும். அப்படிச் செஞ்சா கிடைக்கிறது 'பார்ச்மென்ட்'. இதுக்குத்தான் நல்ல விலை. ஆனா அதுக்கு உரிக்கிற மெஷின் வேணும், தண்ணி வேணும், சிமென்ட் களம் வேணும். மூணு ஏக்கர்க்காரர் இதெல்லாம் எங்கே போவார்? பழமாவே தள்ளிவிடுவார். இல்லேன்னா தோலோட காயவெச்சு 'செர்ரி'யாக் குடுப்பார். ரெண்டுக்கும் விலை கம்மி. ஆக, காசு அவசரம் ஒரு பக்கம், பழம் அழுகுற அவசரம் இன்னொரு பக்கம். நடுவுல அவங்க அப்பா!

ஒரு காலத்துல இப்படி இல்லை. 1940-களிலேருந்து காபி போர்டுதான் எல்லார் காபியையும் மொத்தமா வாங்கி வித்துச்சு. பணம் தவணை தவணையா வரும், ரொம்ப லேட்டா வரும், எல்லாரும் திட்டுவாங்க. ஆனா வியாபாரி தேடி அலைய வேண்டாம். 1990-களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தி 1996-ல முழுசா விட்டுட்டாங்க. பெரிய எஸ்டேட்காரங்களுக்கு அது விடுதலை. சின்ன ஆளுங்க திடீர்னு நியூயார்க் சந்தைக்கு முன்னாடி தனியா நின்னாங்க.

நம்ம நெல்லைச் சீமைக்கும் காபிக்கும் இருக்கிற பழைய உறவு தெரியுமோ? அது குடிச்ச உறவு இல்லை, நடந்த உறவு! டீ வர்றதுக்கு முன்னாடி இலங்கை மலை முழுக்கக் காபிதான். 19-ஆம் நூற்றாண்டுல திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துச் சனங்க கடல் தாண்டி, கண்டிச் சீமைக்குக் காட்டு வழியா நடந்தே போய்க் காபி பறிச்சாங்க. காய்ச்சல்லயும் பேதியிலயும் வழியிலேயே செத்தவங்களுக்குக் கணக்கில்லை. 1869-ல அங்கே இலைத்துரு நோய் தெரிய ஆரம்பிச்சு, அடுத்த இருபது வருஷத்துல காபியே அழிஞ்சு போய், அந்த இடத்துல டீ வந்துச்சு. அந்தத் தோட்டங்கள்ல நம்மாளுங்க கூலிதான். ஒரு செடிகூடச் சொந்தம் இல்லை. கொடை வீட்டுல மூணு ஏக்கர் சொந்தமா இருக்கு. இருந்தும் விலை மட்டும் சொந்தமா இல்லை.

இதே கதை அட்லான்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், ஸ்பானிஷ் பேசுற நாடுகள்ல, நமக்கு முன்னாடியே நடந்திருக்கு. மெக்ஸிகோவுல ஒஹாகா (ஸ்பெல்லிங் பார்த்தா இப்படி உச்சரிக்க வராது, நம்புங்க!) என்று ஒரு மாநிலம். மலையில சின்னச் சின்னத் துண்டு நிலம் வெச்சிருக்கிற பழங்குடி விவசாயிங்க. மலை அடிவாரத்துலேருந்து வந்து முன்பணம் குடுத்து, சொன்ன விலைக்குக் காபியை அள்ளிட்டுப் போற தரகருக்கு அவங்க வெச்சிருக்கிற பேரு 'கொயோட்டே'. அது அந்த ஊர்க் குள்ளநரி! 1980-களின் ஆரம்பத்துல, அங்கே வேலை செஞ்ச ஃபிரான்ஸ் வான்டர் ஹாஃப் என்கிற டச்சுப் பாதிரியாரும் அந்த விவசாயிங்களும் உட்கார்ந்து பேசி ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சாங்க. பேரு ஊசிரி. தாங்களே மூட்டையைச் சுமந்து, தாங்களே தரம் பிரிச்சு, நேரா வெளிநாட்டுக்கு விற்க முயற்சி பண்ணாங்க. அந்த முயற்சியிலேருந்துதான் 1988-ல நெதர்லாந்துல 'மாக்ஸ் ஹவேலார்' என்ற முத்திரை வந்துச்சு. ஜாவா தீவுல காபிக்காகச் சனங்களைப் பிழிஞ்ச கதையைச் சொன்ன 1860-ஆம் வருஷத்து டச்சு நாவலோட பேரு அது. இன்னிக்கு வாழைப்பழத்திலேருந்து சாக்லேட் வரைக்கும் ஒட்டுற ஃபேர்டிரேட் முத்திரைக்கு அதுதான் மூத்த அண்ணன். அதோட அடிப்படை ரொம்ப சிம்பிள். மார்க்கெட் எவ்வளவு விழுந்தாலும் இந்த விலைக்குக் கீழே வாங்க மாட்டோம்னு ஒரு தரை. 2023 ஆகஸ்ட்ல அந்தத் தரையை, கழுவின அரபிகாவுக்குப் பவுண்டுக்கு 1.80 டாலர்னு வெச்சாங்க.

கொலம்பியா இன்னும் பழைய ஆளு. 1927-லயே காபி விவசாயிங்களுக்குன்னு ஒரு தேசியக் கூட்டமைப்பு. இன்னிக்கு அதை நம்பி அஞ்சு லட்சத்துக்கும் மேல குடும்பம், பெரும்பாலும் சின்ன விவசாயிங்க. ஊர் ஊரா இருக்கிற கூட்டுறவுங்க மூலமா, யார் காபி கொண்டு வந்தாலும் அன்னிக்கு விலைக்குக் கைமேல காசு குடுத்து வாங்கியே தீரணும்ங்கிறது அவங்க விதி. 1959-லேருந்து அமெரிக்கா பூரா விளம்பரத்துல வந்த மீசைக்கார விவசாயி ஹுவான் வால்டெஸ், அவர் பக்கத்துல மூட்டை சுமக்கிற கோவேறு கழுதை கொஞ்சிட்டா, ரெண்டுமே இந்தக் கூட்டமைப்போட விளம்பரம்தான். ஒரு பெரிய கம்பெனி விவசாயி வேஷம் போட்டு வந்தது இல்லை, விவசாயிங்களே காசு போட்டு எடுத்த விளம்பரம்! 2002-லேருந்து அதே பேர்ல காபிக்கடையும் நடத்துறாங்க. கீழ்ப்பழனியிலயும் ரோடு போடாத தோட்டங்கள்லேருந்து குதிரை மேலதான் மூட்டை இறங்குது. விளம்பரம் எடுக்கத்தான் ஆள் இல்லை.

'எல்லாம் வெளிநாட்டுக் கதைதானா?'ன்னு நீங்க கேட்கிறது காதுல விழுது. கொஞ்சம் வடக்கே போவோம். ஆந்திராவுல விசாகப்பட்டினத்துக்கு மேலே அரக்கு பள்ளத்தாக்கு. ஆதிவாசிக் குடும்பங்க, ஆளுக்கு ஒண்ணு ரெண்டு ஏக்கர். நாந்தி ஃபவுண்டேஷன் துணையோட 2007-ல ஒரு கூட்டுறவு பதிவாச்சு. பழுத்த பழத்தை மட்டும் பறிச்சுப் பொது ஆலைக்குக் கொண்டு வரணும்ங்கிறதுதான் அங்கே முதல் பாடம். 2017-ல பாரிஸ் நகரத்துல 'அரக்கு' பேர்ல கடை திறந்தாங்க. 2018-ல பாரிஸ்லயே தங்கப் பதக்கம். 2019-ல புவிசார் குறியீடு. (ஒரு நேர்மையான பின்குறிப்பு: பாரிஸ் கடையை நடத்துறது தொழிலதிபர்கள் முதலீடு போட்ட தனி கம்பெனி. பழம் சொசைட்டியோடது, கடை சொசைட்டியோடது இல்லை.) அதே 2019-ல குடகு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு காபிக்கும் குறியீடு கிடைச்சுது. அந்த லிஸ்ட்ல நம்ம பழனி மலையும் இல்லை, ஏற்காடும் இல்லை. கொடைக்கானல் பூண்டுக்குக் கிடைச்சது காபிக்குக் கிடைக்கலை!

நம்ம தமிழ்நாட்டுக்குள்ளேயே இன்னும் அழகான உதாரணம் ஒண்ணு இருக்கு. நீலகிரியில கோத்தகிரி. அங்கே கீஸ்டோன் ஃபவுண்டேஷன் ரொம்ப வருஷமா இருளர், குறும்பர் மக்களோட வேலை செய்யுது. அதிலேருந்து 2013-ல 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் கம்பெனி' பிறந்துச்சு. பங்குதாரர், இயக்குநர், வேலை பார்க்கிறவங்க எல்லாரும் பழங்குடிகளே. தேன், சிறுதானியம், மிளகு, காபின்னு காட்டுலயும் தோட்டத்துலயும் கிடைக்கிறதைத் தாங்களே பதப்படுத்தி விற்கிறாங்க. 147 கிராமம், சுமார் 1,700 உறுப்பினர். 2021-ல ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோட ஈக்வேட்டர் பரிசு வாங்கினாங்க.

இதையெல்லாம் ஆர்வமா நான் கொடையோட அப்பாகிட்ட அடுக்கினேன். மனுஷர் பொறுமையாக் கேட்டுட்டு, வெத்தலையை மென்னுக்கிட்டே சொன்னார்: "தம்பி, சொசைட்டின்னு மட்டும் சொல்லாதீங்க. இருபது வருசம் முன்னாடி இந்தப் பக்கமும் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. செயலாளரா இருந்தவரு வீடு மாடியாச்சு. எங்க பங்குப் பணம் எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

என்ன பதில் சொல்றது பாஸ்? பொய்யில்லையே. கூட்டுறவுன்னாலே புனிதம்னு பேசுறவங்ககிட்ட எனக்கும் உடன்பாடு இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கு, அது திருட்டைவிடப் பெருசு. விலை விழுறப்போ எல்லாரும் சொசைட்டியைத் தேடி வருவாங்க. விலை ஏறுறப்போ? 2021-ல கொலம்பியாவுல இதுதான் நடந்துச்சு. முன்கூட்டியே பேசின விலைக்குக் காபி தர்றோம்னு விவசாயிங்க கூட்டுறவுகிட்ட ஒப்பந்தம் போட்டிருந்தாங்க. அதை நம்பிக் கூட்டுறவும் ஏற்றுமதிக்கு ஒப்பந்தம் போட்டிருச்சு. திடீர்னு மார்க்கெட் எகிறிச்சு. நிறையப் பேர் காபியை வெளியே வித்துட்டாங்க. கூட்டுறவுங்க வெறுங்கையோட நின்னு கோடிக்கணக்குல நஷ்டப்பட்டுச்சு. கொடையோட அப்பா வியாபாரிகிட்டக் குடுத்த வாக்கைக் காப்பாத்தி நஷ்டப்பட்டார், அவங்க வாக்கை மீறிச் சொந்த சங்கத்தைக் கவுத்தாங்க. யாரை என்ன சொல்ல?

ஆனா அவர்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணு சொன்னேன். எங்க சுரண்டைப் பக்கத்து ஊர்கள்ல பால் சொசைட்டி எப்படி நடக்குதுங்கிறதை. காலையில தூக்குவாளியோட வரிசை. ஊத்தின உடனே அளவு, சத்து பார்த்து நோட்டுல ஏறிடும், அதுவும் எல்லார் கண்ணு முன்னாடி. பாலும் காத்திருக்காது, காபிப் பழமும் காத்திருக்காது. ரெண்டுக்கும் வியாதி ஒண்ணுதான். தனியா வெச்சிருந்தா சாயங்காலத்துக்குள்ள விலை போயிடும். எங்க ஊர்லயும் பால் சொசைட்டியைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனா மாடு இருக்கிறவங்க வாளியைத் தூக்கிட்டு அங்கேதான் போறாங்க.

அவர் பதில் சொல்லலை. ஆனா வெத்தலையைத் துப்பிட்டு, "அந்தத் தோல் உரிக்கிற மெஷினு என்ன விலை வரும்?" என்று மகன்கிட்டக் கேட்டார்.

கொடை எங்கிட்டக் கண்ணடிச்சான். அவன் ஏற்கெனவே விசாரிச்சு வெச்சிருக்கான்! தாண்டிக்குடியிலேயே காபி போர்டோட மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்கே போய் நாத்து, நோய், பதப்படுத்துறதுன்னு கேட்டுக் கேட்டு ஒரு நோட்டு நிரப்பிட்டான். 2002-ல சட்டத்துல வந்த 'உற்பத்தியாளர் கம்பெனி' பத்தியும் படிச்சு வெச்சிருக்கான். விவசாயிங்க பத்துப் பேர் சேர்ந்தாலே பதிவு பண்ணலாம். எத்தனை பங்கு வெச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. வெளியாள் பங்கு வாங்கி உள்ளே நுழைய முடியாது. ஒரு மெஷின், ஒரு களம், ஒரு கணக்கு நோட்டு. அப்புறம் இன்னொண்ணு, அவன் அழுத்திச் சொன்னது: ஜூன் மாசம் பிள்ளைங்க ஃபீஸ் கட்ட ஒரு சின்னக் கடன் நிதி. "இது இல்லேன்னா மத்தது எல்லாம் வேஸ்ட்டுடா. மெஷின் இருக்கும், பழம் முன்கூட்டியே வியாபாரிகிட்டப் போயிருக்கும்" என்றான்.

நான் படிச்ச எந்தக் கட்டுரையும் இதை இவ்வளவு தெளிவாச் சொல்லலை.

கிளம்புறப்போ ஒரு கிலோ கொட்டை கட்டிக் குடுத்தாங்க. அவங்களே காயவெச்சு, அவங்க அம்மா இரும்புச் சட்டியில வறுத்தது. சுரண்டை வந்து இறங்கினதும் நேரா அண்ணாச்சி கடைக்குக் கொண்டு போய், பக்கத்து மில்லுல அரைச்சு, "இதுல ஒண்ணு போடுங்க" என்றேன்.

சிக்கரி இல்லாத டிகாஷன். நிறம் வெளிறிப் போய் இருந்ததைப் பார்த்து அண்ணாச்சி முகம் சுளிச்சார். "என்ன தம்பி, தண்ணியா இறங்குது?" பால் ஊத்தி, ஆத்தி, ஒரு வாய் குடிச்சார். இன்னொரு வாய். டம்ளரைக் கீழே வெச்சார்.

"வாசம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஆளுவளுக்குத் திக்கா இல்லன்னா சண்டைக்கு வந்துருவான். கொஞ்சம் சிக்கரி போட்டுக்கிடுதேன்... கிலோ என்ன வெலன்னு கேட்டுச் சொல்லுங்க. மாசம் ஒரு அஞ்சு கிலோ எடுத்துப் பாப்போம்."

அங்கேயே நின்னு கொடைக்குப் போன் போட்டேன். முதல் ஆர்டர்னு கத்தினேன். அவன் ரொம்ப அலட்டிக்கலை.

"அஞ்சு கிலோவுக்கு நான் என்ன விலை சொல்றது? அதைச் சங்கம்ல முடிவு பண்ணணும்" என்றான்.

"எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க?"

"அப்பாவோட சேர்த்து ஏழு."